ஒரே மூலக்கூறு, இரண்டு வாசனை: ஆடி வடிவமும் மூக்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணுக்கள் அதே அணுக்கள். அவை ஒன்றோடொன்று இணைந்திருக்கும் வரிசையும் அதேதான். கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திரும்பியிருப்பது மட்டும்தான் வித்தியாசம். ஆனால் ஒன்றை முகர்ந்தால் புதினா, மற்றொன்றை முகர்ந்தால் சதகுப்பை. வேதியியலில் என்னை மிகவும் ஈர்த்த விஷயம் இது. பள்ளியில் ஒளிசுழற்சியைப் படித்துவிட்டு, அதற்கும் மூக்குக்கும் தொடர்பு இருப்பது தெரியாமலே பலர் வெளியே வந்துவிடுகிறோம். இணையத்தில் சுற்றிவரும் உதாரணங்களிலோ மிகப் பிரபலமான ஒன்று தவறு. அதனால் வழக்கமாக எழும் கேள்விகளுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

ஆடி வடிவம் என்றால் என்ன?

வலது கால் செருப்பையும் இடது கால் செருப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். தோல், தையல், அளவு எல்லாம் ஒன்றுதான். ஒன்றைக் கண்ணாடி முன் வைத்தால் பிம்பத்தில் மற்றது தெரியும். ஆனால் எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒன்று இன்னொன்றாகாது. சில மூலக்கூறுகளும் இப்படித்தான் ஜோடியாக இருக்கின்றன, ஒன்று மற்றதன் ஆடி (கண்ணாடி) வடிவம். இவற்றைக் கைரல் மூலக்கூறுகள் என்கிறோம். பொதுவாக ஒரு கார்பன் அணுவில் நான்கு வெவ்வேறு தொகுதிகள் ஒட்டியிருந்தால் இந்த நிலைமை வரும். நான்கையும் இரண்டு விதமாக அடுக்கலாம், ஒன்று மற்றதன் பிம்பம்.

ஜோடியில் இருக்கும் இரண்டுக்கும் கொதிநிலை ஒன்று, அடர்த்தி ஒன்று, தண்ணீரில் கரையும் அளவும் ஒன்று. சாதாரண ஆய்வகச் சோதனைகளில் இரண்டையும் பிரித்து அறிய முடியாது. ஒரு திசையில் மட்டும் அதிரும் ஒளியை உள்ளே செலுத்தினால்தான் வேறுபாடு தெரியும். ஒன்று அந்த ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பும், மற்றது அதே அளவு இடப்பக்கம் திருப்பும். வலஞ்சுழி, இடஞ்சுழி என்று படித்திருப்போமே, அதுதான்.

வாசனை தரும் எல்லாப் பொருளுக்கும் இப்படி ஒரு ஜோடி உண்டா?

இல்லை. நம் சமையலறையிலேயே பல ஜோடி இல்லாதவைதான். கிராம்பின் யூஜினால், ஓமத்தின் தைமால், சோம்பின் அனித்தோல், பட்டையின் சின்னமால்டிஹைடு, வெனிலாவின் வெனிலின் ஆகிய எதற்கும் தனியான ஆடி வடிவம் கிடையாது. பிம்பத்தைத் திருப்பி வைத்தால் அசலோடு அப்படியே பொருந்திவிடும்.

கொத்தமல்லி விதையில் இருக்கும் லினலூலுக்கு ஜோடி உண்டு. விதையில் பெருமளவு இருப்பது வலஞ்சுழி வடிவம், லாவெண்டர் பூவில் இருப்பது இடஞ்சுழி வடிவம். புதினா, ஆரஞ்சுத் தோல், கற்பூரம், சந்தனம் போன்றவற்றின் முக்கிய மூலக்கூறுகளும் கைரல் வகைதான்.

கொதிநிலைகூட மாறவில்லை என்றால் மூக்கு மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மூக்கே ஒரு பக்கமாகச் செய்யப்பட்டது என்பதால்.

மூக்கின் மேற்பகுதியில் இருக்கும் நரம்பு செல்களில் ஏற்பிகள் எனப்படும் புரதங்கள் பதிந்திருக்கின்றன. மனிதருக்குச் செயல்படும் நிலையில் சுமார் 400 வகை மணமறி ஏற்பிகள் இருக்கின்றன. இவற்றுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவரும் 1991-ல் கண்டுபிடித்தார்கள். 2004-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

புரதங்கள் அமினோ அமிலங்களால் ஆனவை. அமினோ அமிலங்களில் கிளைசீனைத் தவிர மற்றவை எல்லாமே கைரல். பூமியில் உயிர்கள் தம் புரதங்களைக் கட்டுவதற்கு இவற்றில் ஒரு கை வடிவத்தை, அதாவது ஜோடியில் ஒரு பக்கத்தை, மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. அதனால் ஏற்பியில் இருக்கும் குழியும் ஒரு கைக்குரிய குழிதான். அதில் வந்து உட்காரும் மூலக்கூறு ஓர் இடத்தில் ஹைட்ரஜன் பிணைப்பால் பற்ற வேண்டும், இன்னொரு இடத்தில் எண்ணெய்த் தன்மையுள்ள பகுதியோடு ஒட்ட வேண்டும், மூன்றாவது இடத்தில் சுவரில் முட்டாமல் இருக்க வேண்டும். ஒரு வடிவத்துக்கு மூன்றும் கைகூடும். அதன் பிம்பத்துக்கு இரண்டுதான் கைகூடும்.

அதற்காக ஒரு ஏற்பி ஒன்றுக்கு மட்டும் திறந்து மற்றதைத் துரத்திவிடுகிறது என்று எண்ண வேண்டாம். ஒரு வாசனை மூலக்கூறு பல ஏற்பிகளை வெவ்வேறு அளவில் தூண்டும். ஓர் ஏற்பியும் பல மூலக்கூறுகளுக்குப் பதில் தரும். மூளை படிப்பது இந்தக் கூட்டு வடிவத்தை. ஆடி ஜோடி இரண்டும் தூண்டும் ஏற்பிகளில் பல பொதுவானவையாக இருக்கும், சில மாறும். எவ்வளவு மாறுகிறது என்பதைப் பொறுத்துதான் வாசனை வேறாகவோ ஒன்றாகவோ தோன்றுகிறது.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் எது?

கார்வோன். பத்து கார்பன், பதினான்கு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் கொண்ட சிறிய மூலக்கூறு. இதன் இடஞ்சுழி வடிவம் ஸ்பியர்மிண்ட் என்னும் புதினா வகையின் உயிர்நாடி. நாம் சட்னிக்கும் பிரியாணிக்கும் வாங்கும் புதினாவும் பெரும்பாலும் இந்த இனம்தான். வலஞ்சுழி வடிவம் ஐரோப்பியர் ரொட்டியில் தூவும் காரவே விதையிலும், நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் சதகுப்பையிலும் இருக்கிறது.

இந்த இரண்டு வாசனையையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஒன்று குளிர்ச்சியாக, இனிப்பாக இருக்கிறது. மற்றது சீரகத்துக்கு அருகில் நிற்கும் காரமான விதை மணம். நுணுக்கமான மூக்கு தேவையில்லை, சளி பிடிக்காமல் இருந்தால் போதும்.

அந்த எண்ணெய்களில் கலந்திருக்கும் வேறு ஏதோ ஒன்று வாசனையை மாற்றியிருக்கலாமே?

நல்ல கேள்வி. வேதியியலாளர்கள் பல ஆண்டுகள் சண்டை போட்டதும் இதைப் பற்றித்தான். மூக்கின் கூர்மை அப்படி: மிகச் சிறிதளவு அசுத்தம் இருந்தாலும் அது மொத்த வாசனையையும் திருப்பிவிடக்கூடும். அதனால் ஆடி ஜோடிகளின் வாசனை வேறு என்று யாராவது சொன்னால், ‘சரியாகச் சுத்தம் செய்யவில்லை’ என்ற பதில் தயாராக இருந்தது.

1971-ல் ‘ஸயன்ஸ்’ இதழில் அடுத்தடுத்து வெளியான இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்தன. ஒன்றை எழுதியவர்கள் ரஸ்ஸல், ஹில்ஸ் இருவரும், மற்றதை எழுதியவர்கள் ஃப்ரீட்மன், மில்லர் இருவரும். கார்வோனை நன்றாகத் தூய்மையாக்கி, செடியிலிருந்து எடுத்ததையும் ஆய்வகத்தில் தயாரித்ததையும் ஒப்பிட்டார்கள். எங்கிருந்து வந்தது என்பது பொருட்டாகவே இல்லை. எந்தக் கை என்பதை வைத்துத்தான் வாசனை அமைந்தது. அசுத்தம்தான் காரணம் என்றால் மூலம் மாறும்போது வாசனையும் மாறியிருக்க வேண்டும்.

ஆரஞ்சுத் தோலிலிருந்து புதினா வாசனை தயாரிக்கிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. இந்த இடத்தில்தான் எனக்கு வேதியியல் மீது இன்னும் கொஞ்சம் பிரியம் கூடும்.

ஆரஞ்சுத் தோலின் எண்ணெயில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வலஞ்சுழி லிமோனீன். பழச்சாறு ஆலைகளில் மிஞ்சும் தோலிலிருந்து இது ஏராளமாகக் கிடைக்கிறது. லிமோனீன் வளையத்தில் ஓர் ஆக்சிஜனைச் சேர்த்து, தேவையான இடத்தில் இரட்டைப் பிணைப்பு அமையும்படி செய்தால் கார்வோன். நைட்ரோசில் குளோரைடு வைத்துச் செய்யும் பழைய தொழிற்சாலை முறையில், ஆரஞ்சின் லிமோனீன் புதினா வாசனைக் கார்வோனாக மாறுகிறது. சூயிங் கம்மிலும் பற்பசையிலும் போய்ச் சேரும் சரக்கு அது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காரவே செடியும் இதே வலஞ்சுழி லிமோனீனிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் செடியின் நொதி வளையத்தின் ஒரு பக்கத்தில் ஆக்சிஜனை வைக்கிறது, தொழிற்சாலை மறுபக்கத்தில் வைக்கிறது. பக்கம் மாறியதும் கிடைக்கும் பொருள் ஆடி பிம்பமாகிவிடுகிறது. ஒரே மூலப்பொருள், ஒன்று விதை மணமாகவும் மற்றது புதினாவாகவும் முடிகிறது. புதினாச் செடியோ எதிர்க்கை லிமோனீனில் தொடங்கி, காரவே வைக்கும் அதே பக்கத்தில் ஆக்சிஜனை வைத்துத் தன் கார்வோனை அடைகிறது.

ஆரஞ்சும் எலுமிச்சையும் ஒரே மூலக்கூறின் ஆடி பிம்பங்கள்தானே?

இல்லை. ஆரம்பத்தில் தவறு என்று சொன்ன உதாரணம் இதுதான். லிமோனீனின் ஒரு வடிவம் ஆரஞ்சு, இன்னொரு வடிவம் எலுமிச்சை என்று எத்தனையோ இடங்களில், பாடப் புத்தகங்களில்கூட, அச்சாகியிருக்கிறது. கேட்க அழகாக இருப்பதால் நிலைத்துவிட்டது. ஆனால் எலுமிச்சைத் தோலில் இருப்பதும் பெரும்பாலும் அதே வலஞ்சுழி லிமோனீன்தான். எலுமிச்சையின் மணத்தைத் தூக்கிக் காட்டுவது சிட்ரால் என்னும் வேறொரு பொருள், எண்ணெயில் சில சதவீதமே இருக்கும். எலுமிச்சைப் புல்லை நசுக்கினால் எலுமிச்சை மணப்பது ஏன் என்றால் அதன் எண்ணெயின் பெரும்பகுதி சிட்ரால் என்பதால்தான். சிட்ரால் கைரல் மூலக்கூறே இல்லை.

அப்படியானால் இடஞ்சுழி லிமோனீன் எப்படி மணக்கும்? டர்பன்டைனையும் பைன் மரத்தையும் நினைவூட்டும் ஒரு காட்டமான வாசனை. ஆக, லிமோனீன் ஜோடிக்கும் வாசனை வேறுபாடு உண்மைதான், பழங்களின் கதைதான் உண்மையில்லை. ஆசிரியர்கள் இதை இனியாவது விட்டுவிட்டு கார்வோனைச் சொல்லித்தர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

‘ஆர்’, ‘எஸ்’ என்ற எழுத்துகளும் வலஞ்சுழி, இடஞ்சுழியும் ஒன்றா?

வேறு வேறு. சுழி என்பது ஒளியை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று அளந்து பார்த்துச் சொல்வது. ஆர், எஸ் என்பவை அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கு விதிப்படி தரும் அடையாளம். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆர்-லிமோனீன் வலஞ்சுழி, ஆர்-கார்வோன் இடஞ்சுழி. வாசனையோடும் இந்த எழுத்துகளுக்குச் சம்பந்தமில்லை. ‘ஆர் என்றால் இனிய மணம்’ என்பதுபோல எந்தச் சூத்திரமும் இல்லை.

அப்படியென்றால் எல்லா ஜோடிகளும் வேறுவேறாக மணக்குமா?

இல்லை. கார்வோனின் கதையைக் கேட்டவர்கள் உடனே இந்த முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். கார்வோன் விதிவிலக்குக்கு அருகில் நிற்கும் உதாரணம் என்பதே சரி.

மத்தியாஸ் லாஸ்காவும் பீட்டர் டோய்ப்னரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில் பத்து ஆடி ஜோடிகளைச் சாதாரண மனிதர்களுக்கு முகரக் கொடுத்தார்கள். மூன்று குப்பிகளில் இரண்டில் ஒரே பொருள், ஒன்றில் அதன் பிம்பம். வேறாக இருப்பது எது என்று சொல்ல வேண்டும். குழுவாகப் பார்த்தால் ஆல்ஃபா-பைனீன், கார்வோன், லிமோனீன் ஆகிய மூன்றில் மட்டும்தான் அவர்களால் சரியாகப் பிரிக்க முடிந்தது. மற்ற ஏழிலும் ஊகத்தைத் தாண்டவில்லை.

கற்பூரத்தைப் பாருங்கள். கற்பூர மரத்திலிருந்து வருவது வலஞ்சுழி வடிவம். இன்று பூஜைக்கு ஏற்றும் கற்பூரம் பெரும்பாலும் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து தொழிற்சாலையில் செய்யப்படுவது, அதில் பொதுவாக இரண்டு வடிவங்களும் கலந்திருக்கும். இரண்டின் மணத்துக்கும் நம் மூக்குக்குத் தெரியும் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். கற்பூர மூலக்கூறு கிட்டத்தட்ட ஓர் உருண்டை. இடமாகத் திரும்பினாலும் வலமாகத் திரும்பினாலும் குழிக்குள் ஏறக்குறைய ஒரே மாதிரி உட்கார்ந்துவிடும் என்பது பலர் தரும் விளக்கம். எனக்கும் அது ஏற்கத்தக்கதாகவே படுகிறது.

பிரித்தறிய முடியாத ஜோடியைப் பழகிக் கற்றுக்கொள்ள முடியுமா?

ஓரளவுக்கு முடியும். 2008-ல் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வென் லீ, ஜே காட்ஃப்ரீட் குழுவினர் செய்த சோதனை இது. பங்கேற்றவர்களால் வேறுபடுத்தவே முடியாத ஓர் ஆடி ஜோடியை எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒன்றை முகரும்போது மட்டும் காலில் லேசான மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். சில தடவைகளுக்குப் பிறகு அதுவரை ஒன்றாகத் தெரிந்த இரண்டும் அவர்களுக்கு வேறாகத் தெரியத் தொடங்கின. மூளையின் மணமறி பகுதியில் பதிவாகும் செயல்பாட்டிலும் இரண்டும் விலகிப் போயிருந்தன.

இதிலிருந்து நான் புரிந்துகொள்வது: ஏற்பிகள் வித்தியாசத்தை முன்பே பதிவு செய்துகொண்டுதான் இருந்தன. அதை மூளை பொருட்படுத்தவில்லை. காரணம் கிடைத்ததும் பொருட்படுத்தியது.

வாசனை அதேதான், ஆனால் வீரியம் மட்டும் மாறும் என்பது உண்டா?

நிறைய உண்டு. என் பார்வையில் வாசனை மாறும் உதாரணங்களைவிட இவை வியப்பானவை.

முதல் மழைக்கு எழும் மண்வாசனையை எடுத்துக்கொள்வோம். அதில் பெரும்பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுடையது. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாக்கள் தயாரிப்பது. அவை தயாரிப்பது இடஞ்சுழி வடிவத்தை மட்டும். ஒரு கிராமைப் பத்துக் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தாலே நம் மூக்குக்கு அது எட்டிவிடும். ஆய்வகத்தில் செய்த வலஞ்சுழி வடிவமும் மண்ணாகத்தான் மணக்கும், ஆனால் அதை உணரச் சுமார் எட்டு மடங்கு அதிகம் வேண்டும். குடிநீரில் மண்வாடை அடிக்கிறது என்று புகார் வருவதற்கும் பல நேரம் காரணம் இந்த ஜியோஸ்மின்தான்.

மல்லிகைக் குடும்பத்தில் இன்னொன்று. பிச்சிப் பூ எண்ணெயில் மெத்தில் ஜாஸ்மோனேட் என்ற பொருள் உண்டு. அதை நான்கு விதமாக அடுக்கலாம். நான்கில் ஒன்று மட்டும் வலுவாக மணக்கிறது, ஒன்று மிக லேசாக, மற்ற இரண்டும் ஏறக்குறைய மணமற்றவை. கடையில் வாங்கும் செயற்கைச் சரக்கில் நான்கும் இருந்தால் அதில் பெரும்பகுதி மூக்கைப் பொறுத்தவரை வீண்.

எல்லாவற்றையும் மிஞ்சுவது வைன் லாக்டோன். கோலா கரடியின் சிறுநீரில் 1975-ல் முதலில் கண்டறியப்பட்டது, பிறகு வெள்ளைத் திராட்சை மதுவின் இனிய மணத்துக்கு இது முக்கியமானது என்று ஹெல்முட் கூத் 1996-ல் காட்டினார். எட்டு வடிவங்கள் சாத்தியம், மதுவில் இருப்பது ஒன்று. அதற்கும் அதன் நேர் ஆடி பிம்பத்துக்கும் மணம் உணரத் தேவைப்படும் அளவில் ஒரு கோடி மடங்குக்கும் மேல் வேறுபாடு. இரண்டுக்கும் எடை ஒன்று, கொதிநிலை ஒன்று என்பதை நினைத்துக்கொண்டு அந்த எண்ணை மறுபடி பாருங்கள்.

மென்தால் இதில் எங்கே வருகிறது?

மென்தாலில் கைரல் கார்பன்கள் மூன்று, ஆகவே எட்டு வடிவங்கள். அவற்றில் தூய புதினா மணமும் அந்தக் குளிர்ச்சியும் நன்றாக அமைவது இயற்கையில் கிடைக்கும் இடஞ்சுழி மென்தாலில்தான். உத்தரப்பிரதேசத்தில் பாராபங்கியைச் சுற்றிப் பயிராகும் மென்தால் புதினாவிலிருந்து வருவது இது. குளிர்ச்சி என்பது வாசனை அல்ல, அது டிஆர்பிஎம்8 என்ற குளிர் உணரும் ஏற்பியை மென்தால் தூண்டுவதால் வரும் உணர்வு. அந்த ஏற்பியும் கை பார்க்கிறது.

சரியான கையை மட்டும் தொழிற்சாலையில் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு ஜப்பானின் தகசாகோ நிறுவனம் 1980-களில் பதில் தந்தது. ரியோஜி நொயோரி உருவாக்கிய கைரல் வினையூக்கியை அதற்குப் பயன்படுத்தினார்கள். நொயோரிக்கு 2001-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

முதன்முதலில் இதைக் கண்டுபிடித்தவர் யார்?

மூலக்கூறுகளுக்கு இடம் வலம் உண்டு என்று காட்டியவர் லூயி பாஸ்டர். 1848, அவருக்கு வயது 25. டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகங்களில் இடம் வலமாக இரண்டு வகை இருப்பதைக் கண்டு, ஒவ்வொன்றாக இடுக்கியால் பொறுக்கிப் பிரித்தார். கரைத்துப் பார்த்தபோது ஒன்று ஒளியை வலமாகவும் மற்றது இடமாகவும் திருப்பியது. முதிய இயற்பியலாளர் பியோ நம்பாமல், தன் கண் முன்னே திரும்பச் செய்துகாட்டச் சொன்னார். பாஸ்டர் செய்துகாட்டினார். அந்த உப்பு சுமார் 27 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அப்படித் தனித்தனிப் படிகமாகப் பிரியும். பாரிஸின் குளிர் அவருக்குத் துணை நின்றது. சென்னைக் கோடையில் அவர் முயன்றிருந்தால் இரண்டு வகைப் படிகங்கள் கிடைத்திருக்காது.

காரணத்தை, அதாவது கார்பனின் நான்கு பிணைப்புகளும் நான்முகியின் மூலைகளை நோக்கி நிற்கின்றன என்பதை, 1874-ல் வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியே சொன்னார்கள். நம் புலன்கள் இதை உணர்கின்றன என்பதற்கு முதல் சாட்சி மூக்கிலிருந்து வரவில்லை, நாக்கிலிருந்து வந்தது. 1886-ல் இத்தாலியின் பியுட்டி, அஸ்பராஜின் அமினோ அமிலத்தின் ஒரு வடிவம் இனிக்கிறது, அதன் பிம்பத்துக்குச் சுவையே இல்லை என்று கண்டார்.

வாசனையைத் தீர்மானிப்பது வடிவம் அல்ல, மூலக்கூறின் அதிர்வு என்று படித்தேனே?

1938-ல் டைசன் முன்வைத்து, 1996-ல் லூகா டூரின் புதுப்பித்த கருத்து அது. மூக்கு மூலக்கூறின் அதிர்வெண்களைப் படிக்கிறது என்பார்கள். ஆடி ஜோடிகளுக்கு அதிர்வெண்கள் இம்மி பிசகாமல் ஒன்றே. அப்படியிருக்கக் கார்வோன் ஏன் இரண்டாக மணக்க வேண்டும்? ஆதரவாளர்கள் விளக்கங்கள் தந்திருக்கிறார்கள், ஆனால் கை பார்க்கும் குழி ஒன்று வேண்டும் என்ற இடத்துக்குத்தான் அவையும் வந்து நிற்கின்றன. பெரும்பாலான ஆய்வாளர்கள் போலவே நானும் வடிவத்தின் பக்கம்தான்.

வடிவத்தைப் பார்த்து இன்ன வாசனை என்று முன்கூட்டியே சொல்லிவிடலாமா?

பொதுவான சாயலை ஓரளவு சொல்லலாம். ஆடி ஜோடி எப்படி வேறுபடும் என்பதை நம்பகமாகச் சொல்வது இன்னும் கடினம். மணத்துக்கான மனித ஏற்பி ஒன்றின் விரிவான முப்பரிமாண அமைப்பே 2023-ல்தான் முதன்முதலாக வெளியானது. அதில் உட்கார்ந்திருந்த புரோபியோனேட் ஜோடி இல்லாத மூலக்கூறு. இருக்கும் 400 குழிகளில் பெரும்பாலானவற்றின் உள்புறம் துல்லியமாகத் தெரியாதபோது, கணக்குப் போட்டுச் சொல்வது எப்படி? இன்றைக்கும் வாசனை நிறுவனங்கள் செய்து பார்த்து, முகர்ந்துதான் முடிவு செய்கின்றன.

இந்த அறிவு கலப்படம் கண்டுபிடிக்க உதவுமா?

மிகவும். செடியின் நொதிகளும் ஒரு கை வடிவங்கள், ஆகவே அவை ஒரு மூலக்கூறின் ஒரு வடிவத்தையே தயாரிக்கும், அல்லது இரண்டையும் குறிப்பிட்ட விகிதத்தில் தயாரிக்கும். மலிவான செயற்கை முறையில் இரண்டும் சரிபாதி கிடைக்கும். சுழிமாய்க் கலவை என்பது இதைத்தான். சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்னும் கைரல் சர்க்கரை வளையம் பூசிய குழாய் வழியாக ஆவியைச் செலுத்தினால் ஜோடி தனித்தனியே வெளிவரும். ராஸ்பெரி பழத்தில் ஆல்ஃபா-அயனோன் ஏறக்குறைய முழுவதும் ஒரு வடிவமாகவே இருக்கும். ‘இயற்கை ராஸ்பெரி’ என்று சொல்லி விற்கும் சாற்றில் அது பாதிக்குப் பாதி இருந்தால் புட்டியில் செயற்கை மணம் கலந்திருக்கிறது. லாவெண்டர் எண்ணெயையும் லினலூலின் விகிதம் பார்த்து இப்படியே பிடிக்கிறார்கள்.

வீட்டிலோ பள்ளியிலோ செய்து பார்க்கலாமா?

தாராளமாக. புதினா இலையைக் கசக்கி ஒரு கிண்ணத்திலும், சதகுப்பையை இடித்து இன்னொன்றிலும் வையுங்கள். கண்ணை மூடி மாறிமாறி முகரச் சொல்லுங்கள். இரண்டிலும் கார்வோன் அல்லாத பொருட்களும் உண்டு என்பதைக் குழந்தைகளிடம் சொல்லிவிட வேண்டும், சதகுப்பையில் லிமோனீனும் டில்லபியோலும் இருக்கும். கல்லூரியில் வசதி இருந்தால் தூய கார்வோன் ஜோடியை வாங்கி, வடிதாளில் ஒரு துளி விட்டு முகரலாம். நேரடியாகக் குப்பியில் மூக்கை வைக்க வேண்டாம், தோலிலும் பட வேண்டாம். ஒவ்வொரு முறையும் நடுவில் ஒரு நிமிடம் இடைவெளி விடுங்கள், மூக்கு சீக்கிரம் களைத்துவிடும்.

பூச்சிகளுக்கும் இந்த வேறுபாடு தெரியுமா?

நம்மைவிடக் கறாராகத் தெரியும். ஜப்பானிய வண்டின் பெண் வெளியிடும் மணத்தின் ஆர் வடிவம் ஆணை இழுக்கும். அதில் எஸ் வடிவம் ஒரு சதவீதம் கலந்தாலே இழுக்கும் சக்தி பெரிதும் குறைந்துவிடும் என்று 1977-ல் டம்லின்சன் குழு காட்டியது. ஜப்பானில் அதனோடு அக்கம்பக்கமாக வாழும் ஒசாகா வண்டு இதே மூலக்கூறின் எஸ் வடிவத்தைப் பயன்படுத்துகிறது. ஒன்றின் அழைப்பு மற்றதற்கு விலக்கு. இரண்டு இனங்களும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் ஒரே நிலத்தில் பிழைக்கின்றன.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது நேரடியாகத் தொடர்புடையது. சிவப்புக் கூன்வண்டுக்கு வைக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் இருப்பது ஃபெருஜினியால். 1990-களின் தொடக்கத்தில் அடையாளம் காணப்பட்டது. ஆண் வண்டு வெளியிடுவது இதன் நான்கு வடிவங்களில் ஒன்றை மட்டும், அது ஆண் பெண் இரண்டையும் கூட்டமாக வரவழைக்கும். மற்ற மூன்று வடிவங்களும் வண்டை இழுப்பதில்லை. நல்ல வேளையாக, ஜப்பானிய வண்டுக்கு நேர்வதுபோல அவை குறுக்கே நிற்பதும் இல்லை. அதனால் நான்கும் கலந்த செயற்கைச் சரக்கையே குப்பியில் அடைத்துவிடலாம், சரியான கையைத் தனியே பிரித்தெடுக்கும் பெரும் செலவு கிடையாது. வாளியில் அதோடு கரும்புச் சக்கைப்பாகோ, வெட்டிய தென்னை மட்டையோ, அன்னாசித் துண்டோ போட்டு நொதிக்கவிட்டால் வண்டு இன்னும் நன்றாக வரும், மணம் மட்டும் தனியே அவ்வளவு வேலை செய்வதில்லை.